நிராகரிக்கப்பட்டது

பகலிலை மங்களேஸ்வரியின்ரை கட்சிக்கு லான்ட்மாஸ்ரர் ஓடினன்.
இரவிலை கொம்பனிக்குப் பவுசர்.
ரெண்டுக்கும் டீசல் அடிச்சது ஒரே இடம்,
ஒட்டுசுட்டான் சந்தி.

அவவுக்குத் தையல் மெசின் சின்னம்.
"தண்ணிக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம்?"
பால் சங்கத்தடியிலை ஒருத்தர் கேட்டார்.
"மிஞ்சிக் கிடந்தது அதுதான்" எண்டா.
சிரிச்சினம்.
நோட்டீசை மடிச்சு பீடிக்கட்டோடை வைச்சினம்.

கட்சி எண்டால் எட்டுப் பேர், ஒரு மேசை, இரவல் ஸ்பீக்கர்,
பிஸ்கற் ரின்னுக்குள்ளை பதினோராயிரத்து நானூறு ரூபா.
சேத்தைச் சோதிச்சுச் சொல்ல
கொழும்பிலை இருபத்தெட்டாயிரம் கேட்டிச்சினம்.
அதாலை அவ ஒரு நெக்டோப் போத்தலோடை திரிஞ்சா.
உள்ளுக்குக் கிடங்குத் தண்ணி.
கூட்டம் தொடங்கேக்கை ஒருக்காக் குலுக்கி
மேசையிலை வைப்பா.
பேசி முடிஞ்சும் அது தெளியாது.
அடுத்த நாள் அடுத்த ஊருக்கும்
கலங்கின மாதிரியே வரும்.

பெரிய கட்சி மூண்டு வாகனத்திலை வந்தது.
நிலம் எங்கடை எண்டினம்.
நிலத்துக்குள்ளை என்ன போகுதெண்டு
அவைக்குச் சொல்ல ஆளில்லை.
எனக்குத் தெரியும்.
நான் சொல்லேல்லை.

றோட்டுப் போட அள்ளின கிறவல் கிடங்கு,
குளத்துக்கு மேற்காலை, பாலை மரங்களுக்குப் பின்னாலை.
லைற்றை நூத்துப்போட்டு றிவேர்ஸ் எடுக்கவேணும்.
வால்வைத் திறந்தால் முதல்லை இருமும்,
பிறகு ஊத்தும்,
துளைச்ச இடத்துச் சாம்பல் சேறு, எண்ணெய் மணம்,
ஆறாயிரம் லீற்றர்.
ஒரு சிகரெட், இன்னொரு பாதி.
ட்ரிப் சீற்றிலை 'கொட்டிய இடம்' எண்ட கட்டத்துக்குள்ளை
முன்னமே அச்சடிச்சிருக்கும்: அனுமதி பெற்ற இடம்.
நான் கையெழுத்து மட்டும்.
நாலு ட்ரிப் ஓடினால் ஓட்டோ லீசிங் கட்டலாம்.

ஞானசீலனின்ரை எருமையள் கிடங்குக்குள்ளை படுத்தெழும்பி
வெயிலிலை காஞ்சு
சீமெந்து பூசின மாதிரி ஊருக்குள்ளை வந்துதுகள்.
ஒண்டு கண்டு போட்டது. கண்டு எழும்பேல்லை.
"மேடையிலை இதைச் சொல்லுங்கோ" எண்டம்.
"அதாலைதான் எண்டு எனக்குத் தெரியாதே" எண்டா.
இப்பிடி ஒரு வேட்பாளருக்கு
ஆர் வோட்டுப் போடுவினம்?

ஒருநாள் ஸ்பீக்கர் கழட்டேக்கை என்ரை செருப்பைப் பார்த்தா.
விளிம்பெல்லாம் சாம்பல்.
மேசையிலை இருந்த போத்தலைப் பார்த்தா.
"நாளைக்கு எட்டு மணிக்குக் கற்சிலைமடு,
சுணங்காமல் வாங்கோ."
அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்திலை, அட்டை மறைப்புக்குள்ளை,
நூலிலை கட்டின பேனை.
தையல் மெசினுக்கு நேரை புள்ளடி போடத்தான் போனன்.
கை எழுதினது:
மாசி 9 இலிருந்து பங்குனி 2 வரை
31 ட்ரிப்
கிறவல் கிடங்கு
இரவு.
கட்டம் காணாமல் எழுத்து
மற்றச் சின்னங்களுக்கு மேலாலையும் போச்சுது.

வெண்டவருக்கு நானூற்றுப் பதினேழு.
அவவுக்கு அறுபத்திரண்டு.
நிராகரிக்கப்பட்டது ஒன்பது.
எண்ணுற மேசையிலை அதிகாரி
ஒரு தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாராம், சட்டப்படி.
ஆரோ சொன்னாராம், "விசர்."
இவ மூக்குக்கண்ணாடியைப் போட்டு
ரெண்டு தரம் வாசிச்சாவாம்.
எனக்கு விழுந்த வோட்டெண்டு வாதாடேல்லையாம்.
முப்பத்தொண்டு எண்டு
உள்ளங்கையிலை எழுதினாவாம்.

இண்டைக்கு விடிய வந்து நிக்கிறா.
போத்தல் இல்லை.
கோடு போட்ட தாள் ஒரு கட்டு.
"இதிலை கட்டம் இல்லை" எண்டுறா.
"இடம் காணும்."

வேலியோரம் பவுசர் நிக்குது, ராங்கிலை இன்னும் பாதி.
மனுசி தேத்தண்ணி வைச்சிட்டு
என்ரை முகத்தைப் பார்க்காமல் உள்ளை போறாள்.
பேனை அவவின்ரை.
மை வருகுதோ எண்டு
ஓரத்திலை ஒருக்காக் கீறிப் பார்க்கிறன்.